ஐன்ஸ்டைனோடு வழக்காடுவோர்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி வரையிலும், அதற்கு அப்பால் குண்டாற்றின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கிற வானம் பார்த்த பூமியில், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் மிளகாயும் போட்டு, கண்மாயில் தண்ணீர் நிற்கிற வரையில் பாடுபட்டு, மாசி பங்குனிக்குள் காடு வெறுமையாகிவிட்ட பிறகு அடுத்த மழைக்குக் காத்திருக்கிற மக்களிடையே, விஷயம் எதுவானாலும் அதை நடுவில் வைத்துக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிற வழக்கம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. திருவிழா மேடையில் நடக்கிற பட்டிமன்றம் அந்த வழக்கத்தின் அலங்கார ரூபமே. அதன் இயல்பான ரூபத்தைக் காண விரும்புவோர் டீக்கடைப் பெஞ்சிலும், தறிக்கூடத்து வாசலிலும், கடைசி பஸ் போன பின்னரும் கலையாமல் நிற்கிற கூட்டத்திலும் காணலாம். கம்பனும் அரசியலும் சினிமாவும் அங்கே அலசப்படுவதுபோலவே, கொஞ்ச காலமாக நவீன பௌதிகமும் அலசப்பட்டு வருகிறது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும், பாலிடெக்னிக் படித்துவிட்டு விசைத்தறி ஓட்டுகிற இளைஞரும், மருந்துக்கடை வைத்திருப்பவரும் உட்கார்ந்து, ஐன்ஸ்டைனுடைய சார்பியல் சித்தாந்தம் சரியா தவறா என்று இரவு வெகுநேரம் வாதாடுவதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன், மனம் வருந்தியும் இருக்கிறேன்.

மகிழ்ச்சிக்குக் காரணம் வெளிப்படை. காலம் என்பது எது, ஒளி எவ்வாறு செல்கிறது என்ற வினாக்களை, பரீட்சை என்ற நிர்ப்பந்தமோ உத்தியோகம் என்ற லாபமோ இல்லாமல், அறிய வேண்டும் என்ற ஆசை ஒன்றே காரணமாக மனிதர்கள் எழுப்புகிற ஊர் நல்ல ஊர். வருத்தம் வேறொன்றைப் பற்றியது. வாதிகள் இருவரும் தத்தம் கட்சிக்கு யுக்திகளை அடுக்கிக்கொண்டு போகிறார்களே ஒழிய, எந்த அளவீடு எப்படி முடிந்தால் தம் கட்சி தோற்றதாக ஒப்புக்கொள்வார்கள் என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் அந்த வழக்கு தீர்ப்பில்லாத வழக்காக ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. இறுதியில் ஐன்ஸ்டைனை ஒரு சாரார் தெய்வமாக்க, மற்றொரு சாரார் உலகத்தை ஏமாற்றியவராக ஆக்கிவிடுகிறார்கள். பௌதிகத்தில் சந்தேகம் குற்றமல்ல. சந்தேகத்தை எண்ணாக்கி எழுதாமல் விடுவதுதான் குறை. இதை விளக்குவதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு மலைகளிலேயே அதற்கு வேண்டிய சரித்திரம் இருக்கிறது.

முதலில் அந்தச் சித்தாந்தம் எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், இங்கே நான் கேட்ட வாதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அது சொல்லாத ஒன்றை அதன் தலையில் ஏற்றி, பிறகு அதை ஆதரிப்பவையாகவோ மறுப்பவையாகவோ இருந்தன. திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். அவர் பிறந்த 1879-ஆம் ஆண்டிலேயேதான் ஐன்ஸ்டைனும் ஜெர்மனியில் பிறந்தார். இந்தக் கால ஒற்றுமை வாதிகள் சிலருக்குப் பெரிய பிரமாணமாகிவிட்டது: உலகம் தோற்றமே என்று மகரிஷி உபதேசித்தார், எல்லாம் பார்ப்பவனைப் பொறுத்தது என்று ஐன்ஸ்டைன் நிரூபித்தார், ஆகவே இரண்டும் ஒன்றே என்பது அவர்கள் கட்சி. மகரிஷியின் விசாரம் ‘நான்’ என்கிற பிரக்ஞையின் மூலத்தைத் தேடுவது. அதற்குக் கடிகாரமும் அளவுகோலும் வேண்டியதில்லை. ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதியதோ கடிகாரத்தையும் அளவுகோலையும் பற்றியே. அதிலும் அவர் எல்லாம் பார்ப்பவனைப் பொறுத்தது என்று எழுதவில்லை. ஒரே சீரான வேகத்தில் செல்கிற எல்லோருக்கும் பௌதிக விதிகள் ஒன்றே என்பதும், அவர்களில் யார் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டராகவே இருக்கும் என்பதும் அவர் கொண்ட அடிப்படைகள். மாறாத இவ்விரண்டையும் நிலைநிறுத்துவதற்காகவே, மாறாதவை என்று நாம் நம்பியிருந்த தூரமும் காலமும் ஒருவருக்கு ஒருவர் வேறுபட வேண்டியதாயிற்று. அந்த வேறுபாட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரு நிகழ்ச்சிகளுக்கு இடையேயுள்ள காலத்தையும் தூரத்தையும் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் அளந்தாலும், அவ்விரண்டையும் குறிப்பிட்ட ஒரு முறையில் சேர்த்துக் கணித்தால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். மாயையைப் பற்றிய செய்தி இதில் இல்லை.

இனி, மறுப்பவர்களுடைய யுக்திகளில் மிகவும் மதிக்கத்தக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடுகிறவனுடைய கடிகாரம் நிற்கிறவனுக்கு மெதுவாக நடப்பதாகத் தெரியும் என்றால், ஓடுகிறவன் தான் நிற்பதாகவே கொண்டு, நிற்கிறவனுடைய கடிகாரம் மெதுவாக நடக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இருவர் சொல்வதும் எப்படி மெய்யாகும்? ஒன்று பொய்யாக வேண்டும், அல்லது சித்தாந்தமே பொய்யாக வேண்டும் என்று அந்த இளைஞர் கேட்டபோது, இதே கேள்வியை 1905-க்குப் பிறகு எத்தனையோ பண்டிதர்களும் கேட்டிருக்கிறார்கள் என்பதை எண்ணி எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாயிற்று. இதற்கு விடை வெறும் தர்க்கத்தால் சொல்லலாம். ஆனால் அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டில் நிற்கிற ஒருவருடைய உள்ளங்கையைக் கொண்டு சொல்வது இன்னும் உறுதியானது.

விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் கதிர்கள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்களோடு மோதுகின்றன. அந்த மோதலில் தோன்றும் துகள்கள் உடனே சிதைந்து மியூவான் என்கிற துகளைப் பிறப்பிக்கின்றன. எலக்ட்ரானைப் போன்ற மின்னூட்டமும், அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறையும் கொண்ட இந்தத் துகளின் சராசரி ஆயுள், அது நிலையாக இருக்கும்போது அளந்தால், 2.2 மைக்ரோ வினாடி. அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறுக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் ஒளிகூட 660 மீட்டர்தான் செல்ல முடியும். ஒளியின் வேகத்தில் 99.8 சதவீத வேகத்தோடு கீழ்நோக்கி வருகிற மியூவானுக்குத் தரையை எட்ட 50 மைக்ரோ வினாடி வேண்டும். நியூட்டனுடைய காலக்கணக்கே மெய்யானால், வழியில் காற்றால் உண்டாகும் இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், எழுநூறு கோடி மியூவான்கள் புறப்பட்டால் ஒன்று வந்து சேர்வதே அதிசயம். சார்பியல் கணக்கின்படியோ, அந்த வேகத்தில் ஆயுள் பதினாறு மடங்கு நீள்வதால், நான்கில் ஒன்று வந்து சேர வேண்டும். இரண்டு கணக்குகளுக்கும் இடையே சமரசத்துக்கு இடமே இல்லை. உண்மையில் வந்து சேர்வது எவ்வளவு? தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. வெட்டவெளியில் உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து வைத்தால், வினாடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் மியூவான்கள் அதை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன.

அந்த இளைஞருடைய கேள்விக்கு இதிலேயே விடையும் இருக்கிறது. மியூவானோடு கூடவே வருகிற ஒருவன் இருப்பதாகப் பாவிப்போம். அவனுக்கு மியூவான் நிற்கிறது; அதன் ஆயுள் 2.2 மைக்ரோ வினாடிதான். ஓடி வருவது பூமி. பூமியிலுள்ள கடிகாரங்களே மெதுவாக நடக்கின்றன என்று அவன் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அவனுக்கு அந்த 15 கிலோமீட்டர் காற்று மண்டலமும் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. ஆகவே மியூவான் தரையை எட்டுமா என்ற கேள்விக்கு நாமும் அவனும் ஒரே விடையைத்தான் சொல்கிறோம். அதற்கு நாம் காட்டுகிற காரணம் காலத்தைப் பற்றியது, அவன் காட்டுவது தூரத்தைப் பற்றியது. முரண்பாடு எங்கே வரும் என்றால், இருவரும் பிரிந்து மறுபடி ஒரே இடத்தில் கூடிக் கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வரும். ஆனால் கூட வேண்டுமானால் ஒருவன் திரும்பியாக வேண்டும், திரும்பியவன் ஒரே சீராகச் சென்றவனல்ல. 1971-இல் ஹாஃபிலே, கீட்டிங் என்கிற இருவர் சீசியக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, தரையிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கணக்குச் சொன்ன வேறுபாட்டையே கண்டார்கள்.

மியூவானின் ஆயுள் நீட்சியை முதலில் அளந்தவர்கள் அமெரிக்காவில் புரூனோ ரோசியும் டேவிட் ஹாலும். அவர்கள் கட்டுரை வெளியானது 1941-இல். இன்று அதே துகளை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் எண்ணுகிற இடம் ஊட்டி. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இருக்கிற கிரேப்ஸ்-3 என்ற அமைப்பின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புடையது; நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை அது பதிவு செய்கிறது. சார்பியல் பொய்யானால் அந்த ஆய்வகத்துக்கு அநேகமாக வேலையே இருந்திராது.

மியூவான் பிறக்கிற அதே சிதைவில் கூடப் பிறப்பது நியூட்ரினோ. அதன் பெயரால் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் ஆய்வுக்கூடம் அமைக்கிற யோசனை எழுந்து, 2015-இல் மத்திய அரசின் சம்மதமும் பெற்று, பின்னர் நீதிமன்றங்களுக்குப் போய் நின்றபோது, நம் தென்மாவட்டங்களில் நடந்த விவாதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மலையைக் குடைந்தால் காட்டுக்கும் நீருக்கும் என்ன நேரும் என்பது ஒன்று. நியூட்ரினோ மனிதரைக் கொல்லுமா என்பது மற்றொன்று. முன்னதைக் கேட்பதற்குத் தண்ணீருக்குத் தவிக்கிற சீமைக்காரர்கள் எல்லோருக்கும் பூரண உரிமை உண்டு, அதற்கு விஞ்ஞானிகள் பொறுமையோடும் விவரத்தோடும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். பின்னதற்கோ விடை எப்போதோ கிடைத்துவிட்டது: சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் மட்டுமே, இரவு பகல் பேதமின்றி, நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் வினாடிக்கு ஆறாயிரம் கோடிக்குமேல் கடந்து போகின்றன. இந்த எண்ணை முதல் நாளே அந்த ஊர் மக்களுக்குத் தெரிவித்திருந்தால், நீரையும் காட்டையும் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கோடைக்கானலுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் கதையை நம் பக்கத்துப் பாட்டிமார்களின் வாய்மொழியாகக் கேட்காத குடும்பம் இந்த வறண்ட சீமையில் இல்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது என்பதை அறிய வேண்டுமானால் சூரியனை இடைவிடாமல் ஆராய வேண்டும் என்ற கருத்து சர்க்காரிடம் வலுப்பெற்றது; சூரியப் புள்ளிகள் சுமார் பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற நம்பிக்கை அன்று பலமாக இருந்தது. அதன் பயனாகவே பழனி மலைமேல், 2,343 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் வானாய்வகம் எழுந்தது. மழையைப் பற்றி அது முன்னறிவிப்பு எதையும் தந்துவிடவில்லை. ஆனால் நம் பஞ்சத்தின் காரணமாகப் பிறந்த அந்த நிலையத்தில், ஐன்ஸ்டைனுடைய சித்தாந்தத்துக்கு எதிரான மிக நேர்மையான வழக்கொன்று பல ஆண்டுகள் நடந்தது என்பதை இப்பகுதி மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த வழக்கை நடத்தியவர் ஜான் எவர்ஷெட். 1864-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், லண்டனில் ஒரு வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தம் சொந்தச் செலவில் அமைத்த சிறு ஆய்வகத்தில் சூரியனை ஆராய்ந்தவர். நம் ஊர் வாதிகளைப்போலவே, தொழிலுக்கு வெளியே நின்று, ஆசையினால் விஞ்ஞானத்துக்குள் வந்தவர். 1898 சனவரியில் இந்தியாவில் தெரிந்த பூரண சூரிய கிரகணத்தைப் படமெடுக்கத் தம் செலவிலேயே வந்த அந்த மனிதர், 1907-இல் கோடைக்கானலுக்கு உதவி இயக்குநராக வந்து, 1911 முதல் 1923 வரை இயக்குநராக இருந்தார். வானியல் வரலாற்றை எழுதியவரான அவர் மனைவி மேரியும் அங்கேயே அவரோடு உழைத்தார். சூரியப் புள்ளிகளின் புறவட்டத்தில் வாயுக்கள் வெளிநோக்கிக் கிடையாகப் பாய்கின்றன என்று எவர்ஷெட் 1909 சனவரியில் கண்டது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஐன்ஸ்டைனுடைய பொதுச் சார்பியல் சித்தாந்தத்தின்படி, சூரியனைப் போன்ற பெரும் பொருளை விட்டு வெளியேறுகிற ஒளி, அதன் ஈர்ப்பை மீறி வருவதில் சக்தியை இழந்து, தன் அலைநீளத்தில் சற்று நீண்டு, நிறமாலையில் சிவப்பை நோக்கி நகர வேண்டும். எவ்வளவு நகர வேண்டும்? அலைநீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு. ஊதா நிறப் பகுதியில் 4,000 ஆங்க்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஒரு கோட்டை எடுத்துக்கொண்டால், அது 0.0085 ஆங்க்ஸ்ட்ராம் நகரும். ஓர் ஆங்க்ஸ்ட்ராமோ ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இந்தச் சூக்ஷ்மமான நகர்வை அளக்க எவர்ஷெட் ஓர் அழகான உபாயத்தைக் கையாண்டார். நிறமாலை பதிவான கண்ணாடித் தகட்டின்மேல் அதன் நேர்ப்படியைத் தலைமாற்றி வைத்து, ஒன்றின் கருங்கோடு மற்றொன்றின் வெண்கோட்டின்மேல் பொருந்தி இரண்டும் ஒருங்கே மறையும்படி மெல்ல நகர்த்தி, அந்த நகர்வைத் திருகாணியின் அளவில் படிப்பது அந்த முறை. கோட்டின் நடு எது என்று கண்ணால் ஊகிக்கிற பிழை அதில் குறைந்துவிடுகிறது. சூரியனிலுள்ள இரும்பின் கோடுகளை, ஆய்வகத்து மின்வில்லில் ஒளிரும் இரும்பின் கோடுகளோடு இவ்விதமாக அவர் நூற்றுக்கணக்கில் ஒப்பிட்டார்.

கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தது உண்மை. ஆனால் ஐன்ஸ்டைன் சொன்னபடி அவை நகரவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் நகர்வு குறைவாகவும், விளிம்பில் அதிகமாகவும் இருந்தது. கோட்டுக்குக் கோடு வேறுபாடும் இருந்தது. ஈர்ப்பு ஒன்றே காரணமானால் நடுவிலும் விளிம்பிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே இது வாயுக்களின் ஓட்டத்தால் உண்டாகிற நகர்வே என்று எவர்ஷெட் கருதினார். அந்தக் கருத்தை முடிவுவரை கொண்டு சென்றால், சூரியனில் பூமியை நோக்கியிருக்கிற பக்கத்து வாயுக்கள் பூமியிடமிருந்து விலகி ஓடுகின்றன, அதாவது இத்தனை சிறிய பூமி அத்தனை பெரிய சூரியனைப் பாதிக்கிறது என்ற விபரீதமான அனுமானத்துக்கு வர வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ஒரு சாதாரண வாதி தம் யுக்தியை விட மனமில்லாமல் அதற்கு வேலி கட்டிக்கொண்டிருப்பார். எவர்ஷெட் செய்தது வேறு. என் அனுமானம் மெய்யானால், பூமியை நோக்காத பக்கத்திலிருந்து வரும் சூரிய ஒளியில் அந்த நகர்வு மாறியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாம் காண முடியாது, ஆனால் வெள்ளிக் கிரகம் காண்கிறது. ஆகவே வெள்ளியில் பட்டுத் திரும்புகிற ஒளியின் நிறமாலையை அளந்தால் தெரிந்துவிடும் என்று, 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பணியில் இறங்கினார். தாம் தோற்பதற்கான வழியைத் தாமே வகுத்துக்கொண்ட இந்தச் செயலை நான் ஆழ்ந்த வணக்கத்தோடு நினைக்கிறேன். முதலில் கிடைத்த அளவுகள் அவருடைய ஐயத்துக்கே சாதகமாகத் தோன்றின. அப்படியிருந்தும் அவர் அதோடு நிறுத்தாமல், மேலும் தகடுகளை எடுத்து, பிழைகளைத் தேடி, அளவுகளைத் திருத்திக்கொண்டே போய், கோடைக்கானலை விட்டுப் பிரிகிற 1923-இல், ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு சூரிய ஒளியில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

நக்ஷத்திர ஒளி சூரியனுக்கு அருகே வளைகிறதா என்ற மற்றொரு சோதனையிலும் அவர் ஈடுபட்டார். ஐன்ஸ்டைன் கணக்கின்படி அந்த வளைவு சூரிய விளிம்பில் 1.75 விகலை, ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வருவது ஒரு விகலை. அருப்புக்கோட்டையில் நின்றுகொண்டு, நேர்க்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திருச்சுழியில் அரைச்சாண் உயரமுள்ள ஒரு விளக்கைப் பார்த்தால் அது கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. சூரியன் முழுவதும் மறைந்தாலொழிய அதன் அருகே நக்ஷத்திரம் தெரியாதாகையால், பூரண கிரகணமே இதற்கு உரியது. 2010 சனவரி 15 அன்று நம் பக்கத்தில் எல்லோரும் கண்ட கங்கண கிரகணத்தில் எஞ்சி நின்ற ஒளி வளையமே நக்ஷத்திரங்களை மறைக்கப் போதுமானது. 1919 மே 29 கிரகணத்தில் பிரேசிலிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபே தீவிலும் ஆங்கிலேயர் எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனுக்குச் சாதகமாயின. 1922 செப்டம்பரில் எவர்ஷெட் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குச் சென்றார். கருவிகள் ஒத்துழைக்காமையால் அவருடைய பயணம் பயன் தரவில்லை. அதே கரையில் முகாமிட்டிருந்த அமெரிக்கர்களான காம்பெல் குழுவினருக்குச் சிறந்த படங்கள் கிடைத்தன.

ஐன்ஸ்டைனை எதிர்த்து நம் நாட்டில் எழுந்தவர்களில் மிகவும் பிரசித்தமானவர் ஷா முகம்மது சுலைமான். இந்தச் சித்தாந்தத்தைச் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் 1920-லேயே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இந்திய வாசகர் கையில் கொடுத்திருந்தார்கள். சுலைமானோ தொழிலால் வக்கீல். 1932 முதல் 1937 வரை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. பின்னர் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி. பகலில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய அவர், 1934 முதல் அலகாபாத்து விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் தம்முடைய புதிய சார்பியலைக் கணிதக் கட்டுரைகளாக வெளியிடத் தொடங்கினார். காலத்தையும் தூரத்தையும் பற்றிய ஐன்ஸ்டைனுடைய புரட்சி வேண்டாம். நியூட்டனுடைய இயக்கவியலையே வைத்துக்கொண்டு, ஈர்ப்பு ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பரவ நேரமாகிறது என்பதைக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் கரிசல் காட்டு வாதிகள் பலர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் அவர்களுக்கும் அவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சூரியனருகே ஒளி எவ்வளவு வளையும் என்பதற்கு, ஐன்ஸ்டைனுடையதைவிட அதிகமான ஓர் அளவைத் தம் கணிதத்திலிருந்து வருவித்து, அதை அச்சிலே போட்டு, வரப்போகிற 1936 ஜூன் 19 கிரகணத்தின் தீர்ப்புக்கு அவர் தம் சித்தாந்தத்தை ஒப்புக்கொடுத்தார். அந்தக் கிரகணத்தில் சோவியத் வானியலார் பெற்ற அளவு 1.75-ஐக் காட்டிலும் கணிசமாக அதிகமாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைய கிரகணப் படங்களின் பிழை வரம்பு அவ்வளவு பெரிது. சுலைமான் 1941 மார்ச்சில் காலமானார். பின்னர் வானொலித் தொலைநோக்கிகள் வந்தன. ஒவ்வோர் அக்டோபரிலும் வானொலி அலைகளை வீசுகிற 3சி 279 என்ற குவேசாரின் எதிரே சூரியன் கடந்து செல்கிறது. வானொலி அலைக்குக் கிரகணம் வேண்டியதில்லையாகையால், 1970-களிலேயே அந்த வளைவை நூற்றில் ஒரு பங்குப் பிழைக்குள் அளந்துவிட்டார்கள். இன்று அந்தப் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வென்றது 1.75. சுலைமான் தோற்றார்; தோற்கக்கூடிய விதமாக அவர் எழுதியிருந்ததனால் தோற்றார், அதனாலேயே பௌதிக சரித்திரத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

வழக்காட இன்றைக்கும் இடம் இல்லாமல் போய்விடவில்லை. நக்ஷத்திரத் திரள்களின் ஓரத்திலுள்ள நக்ஷத்திரங்கள், கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பைக் கொண்டு கணித்தால் வருகிற வேகத்தைவிட மிக வேகமாகச் சுற்றுகின்றன. தெரியாத பொருள் அங்கே இருக்கிறது என்பது பெரும்பாலோர் கட்சி. மிகக் குறைந்த ஈர்ப்பில் விதியே மாறுகிறது என்று 1983-இல் இஸ்ரேலைச் சேர்ந்த மில்க்ரோம் தொடங்கியது எதிர்க்கட்சி. அந்தப் பொருளை இதுவரை எந்தக் கருவியும் பிடித்துக் காட்டவில்லை. எதிர்க்கட்சியின் விதியும் திரள்களின் பெருங்கூட்டங்களில் சரியாகப் பொருந்தவில்லை. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒன்றாக இணைப்பது இன்னும் பெரிய வழக்கு. டீக்கடைப் பெஞ்சில் வீணாகிற அறிவுக்கூர்மை இந்தப் பக்கம் திரும்புமானால், மியூவான் என்றோ தீர்த்துவிட்ட கேள்வியில் ஒரு தலைமுறை கழிந்துபோகாது.

எவர்ஷெட்டின் தகடுகளில் ஒரு பாக்கி இருந்தது. நடுவில் நகர்வு ஏன் குறைவு, விளிம்பில் ஏன் அதிகம் என்பதை அவர் காலத்தில் யாராலும் பூரணமாக விளக்க முடியவில்லை. சார்பியலை ஐயுற்றவர்கள் அந்த வேறுபாட்டை நெடுங்காலம் தம் கட்சிக்குச் சாட்சியாக வைத்திருந்தார்கள். சூரியனின் மேற்பரப்பு கொதித்துப் பொங்கிக்கொண்டிருக்கிறது. வட்டத்தின் நடுவில் நம்மை நோக்கி எழுகிற வெப்பமான பிரகாசமான வாயுக்களின் ஒளி நீலத்தை நோக்கி நகர்ந்து, ஈர்ப்பினால் வருகிற சிவப்பு நகர்வில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அந்தப் பொங்கலுக்கு மேலே, அமைதியான அடுக்கில் உருவாகிற வலிய இரும்புக் கோடுகளைத் தேர்ந்தெடுத்து அளந்தால் ஈர்ப்பின் பங்கு தனியே கிடைக்கும். அதைச் செய்தவர்கள் 2020-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். சூரியனை நேரே பார்க்காமல், நிலவில் பட்டுத் திரும்பிய அதன் ஒளியையே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேகமாக மாற்றிச் சொன்னால் அந்த நகர்வு வினாடிக்கு 638 மீட்டர், பிழை 6 மீட்டர். ஐன்ஸ்டைன் கணக்கு 633.